“மேடை பெட்டிக்கு இல்லட்டி, மனுஷனுக்கு!” - ஒரு தூத்துக்குடி தெருவின் சிமென்ட் மேடைக் கதை

2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. சென்னை ஆபீஸில் எனக்கு நைட் ஷிஃப்ட். மிக்ஜாம் புயல் போய் இரண்டு வாரம்கூட ஆகவில்லை. ‘மழை லைவ் அப்டேட்ஸ்’ பேஜை மறுபடியும் திறந்தோம். இந்த முறை நான் டைப் செய்த பெயர்கள் எல்லாம் எங்க ஊர்ப் பக்கத்துப் பெயர்கள். ஏரல், ஆத்தூர், முக்காணி, ஶ்ரீவைகுண்டம், திருச்செந்தூர், காயல்பட்டினம்.

மறுநாள் காலை மழை அளவு வந்தது. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர். யாரோ புள்ளி வைக்க மறந்துவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். திரும்பச் சரிபார்த்தால், சரிதான். திருச்செந்தூரில் 69, ஶ்ரீவைகுண்டத்தில் 62. எங்கள் மாவட்டத்துக்கு ஒரு வருஷம் முழுக்கப் பெய்கிற மழையைவிட அதிகமாக, காயல்பட்டினத்தில் ஒரே நாளில் கொட்டியிருந்தது.

ஶ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் செந்தூர் எக்ஸ்பிரஸ் சுமார் 800 பயணிகளோடு நின்றுபோன செய்தியை எழுதினேன். கோரம்பள்ளம் குளம் உடைந்து தூத்துக்குடிக்குள் தண்ணீர் புகுந்ததை எழுதினேன். எழுதிக்கொண்டே இடது கையால் அப்பாவுக்கு போன் போட்டுக்கொண்டே இருந்தேன். “நீங்கள் தொடர்புகொள்ளும் எண் தற்போது...” லட்சம் பேர் படிக்கிற பேஜை நடத்துகிறவளுக்கு, தன் வீட்டில் என்ன நடக்கிறது என்று தெரியவில்லை.

செவ்வாய் ராத்திரிதான் அம்மாவின் குரல் கேட்டது. “நல்லாருக்கோம்ட்டி. நீ சாப்ட்டியா?”

ஒரு பெட்டி போனது... பதினோரு வீடும் தவித்தது!

பொங்கலுக்கு ஊருக்குப் போனேன். சுவரெல்லாம் ஒரே உயரத்தில் சேற்றுக்கோடு, ஸ்கேல் வைத்து இழுத்ததுபோல. எங்கள் தெருவில் 11 வீடுகளுக்குப் பொதுவாக ஒரு போர்வெல் இருக்கிறது. தெருமுனையில் அதன் பேனல் பெட்டி. ஸ்டார்ட்டர், கான்டாக்டர், மெயின் ஸ்விட்ச், எல்லாம் அதற்குள்தான். ரெண்டு வரிசை ஹாலோ பிளாக் அடுக்கி, மேலே சிமென்ட் பூசிய ஒரு அடி உயர மேடையில் அது நின்றது. வெள்ளத்தில் பெட்டி முழுகி, மேடைக்கு அடியிலிருந்த மணலைத் தண்ணீர் அரித்துக்கொண்டு போக, மொத்தமாகச் சாய்ந்துவிட்டது. சுற்றிலும் இடுப்பளவு தண்ணீர், குழாயில் ஒரு சொட்டு இல்லை. அப்படி ஆறு நாள் எங்கள் தெரு இருந்திருக்கிறது.

வீட்டுக்கு 3,000 ரூபாய் போட்டுப் புதுப் பெட்டி வைப்பது என்று முடிவாகியிருந்தது. பொறுப்பு என் அப்பா. உப்பளத்தில் 30 வருஷம் மோட்டார் மெக்கானிக்காகவும் வயர்மேனாகவும் இருந்தவர். நான் போனதும் ஒரு பழைய நோட்டை நீட்டினார். “நீதான் எல்லாத்தையும் தேடிப் பாத்து எழுதுறவளாச்சே. இந்தப் பெட்டிக்கு என்ன மேடை போடலாம்னு பாத்துச் சொல்லு.”

சிரித்துவிட்டேன். ஒரு பெட்டியை வைக்க ஒரு மேடை. இதில் தேடிப் பார்க்க என்ன இருக்கிறது என்று நினைத்தேன். பத்து நாள் லீவில் ஆறு நாள் அதற்கே போனது.

யாரைக் கேட்டாலும் ஒரு மேடை

கொத்தனார் அண்ணாச்சி சொன்னது, “பழைய உயரமே போதும். செங்கல் வெச்சுக் கட்டிப் பூசிருவோம். இனிமே நூறு வருஷத்துக்கு இப்படி மழை வராது.”

அப்பா விடவில்லை. “வருஷத்த நீரு எண்ணுதீரு. மழை எண்ணிட்டா வருது?”

காற்றாலை கம்பெனியில் வேலை பார்க்கும் எதிர்வீட்டு அண்ணன், ஃபேக்டரியில் வார்த்து வருகிற ரெடிமேட் கான்கிரீட் பலகையை வாங்கலாம் என்றான். எலெக்ட்ரிக்கல் கடையில் ஃபைபர் மேடையின் படத்தைக் காட்டினார்கள். மளிகைக்கடை அண்ணாச்சி, “நாலு ஆங்கிள் இரும்ப நட்டு மேல வையுங்க, சோலி முடிஞ்சிது” என்றார்.

சிவில் படித்த என் காலேஜ் சீனியர் அக்காவுக்கு போன் போட்டேன். அவர் எந்த மேடை என்று சொல்லவில்லை. பதிலுக்கு ஐந்து கேள்விகள் கேட்டார். தண்ணீர் எவ்வளவு உயரம் வந்தது? மண் என்ன மண்? பெட்டி என்ன எடை? கேபிள் எந்தப் பக்கம் வருகிறது? கடல் எவ்வளவு தூரம்?

உங்கள் வீட்டில் ஏ.சி அவுட்டோர் யூனிட்டோ, ஜெனரேட்டரோ, மோட்டார் பெட்டியோ, நாளைக்கு எலெக்ட்ரிக் வண்டி சார்ஜரோ வெளியே வைக்கப்போகிறீர்கள் என்றால், முதலில் இந்த ஐந்து கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். எந்த மேடை என்பது இந்தப் பதில்களிலிருந்தே வந்துவிடும்.

உப்புக்காற்றுக்கு எது தாங்கும்?

எங்கள் பதில்கள் இவை. பெட்டி இருக்கும் இடத்தில் சேற்றுக்கோடு 38 இன்ச். மண், மேலே கொட்டி நிரப்பியது, அடியில் மணல். பெட்டி 80 கிலோ. கேபிள் தரைக்கு அடியில் வருகிறது. கடல் மூன்று கிலோமீட்டர்.

ஆங்கிள் இரும்பு முதல் ரவுண்டிலேயே அவுட். உப்பளத்தில் வேலை பார்த்தவரிடம் இரும்பு பற்றிப் பேச முடியுமா? “பெயின்ட் அடிச்ச பெட்டியே ரெண்டு வருஷத்துல வடகம் மாதிரி பொரிஞ்சிரும்ட்டி” என்றார் அப்பா.

ஃபைபர் மேடை துருப்பிடிக்காது. இரண்டு பேர் தூக்கிக்கொண்டு வந்து வைத்துவிடலாம். வெயிலைத் தாங்கும்படி செய்ததாகப் பார்த்து வாங்க வேண்டும், அடியில் மண்ணை இடித்து மட்டம் பார்த்திருக்க வேண்டும். தண்ணீர் தேங்காத இடத்தில் ஏ.சி யூனிட்டுக்கு அருமையான சாய்ஸ். ஆனால் எங்களுக்குத் தேவை நாலடி உயரம். தவிர, ஓடுகிற தண்ணீரில் எடை இல்லாத மேடை நிற்காது.

இந்த இடத்தில் அக்கா ஒரு கணக்குப் போட்டுக் காட்டினார். எங்கள் பெட்டி 2 அடி அகலம், ஒன்றேகால் அடி ஆழம், 4 அடி உயரம். மொத்தம் 10 கன அடி. ஒரு கன அடித் தண்ணீர் 28 கிலோ. இறுக்கமாக மூடிய பெட்டி முழுதாக முழுகினால், தண்ணீர் அதை 280 கிலோ விசையோடு மேலே தூக்கும். பெட்டியின் எடை 80. கூடவே ஒரு படகையும் வாங்குவது மாதிரிதான்! அதனால் மேடைக்கும் எடை வேண்டும், பெட்டியை மேடையோடு பிடிக்கிற போல்ட்டும் வேண்டும். அந்த போல்ட் கடலோரத்துக்கு 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருந்தால் நல்லது. பளபளவென்று துத்தநாகப் பூச்சு மட்டும் போட்ட சாதா போல்ட் சீக்கிரம் துருப்பிடித்துவிடும்.

ரெடிமேட் கான்கிரீட் பலகை நல்லதுதான். ஃபேக்டரியில் வார்ப்பதால் தரம் ஒரே சீராக இருக்கும். ஆனால் நாலடி உயரத்துக்கு வாங்கினால் இறக்குவதற்கு கிரேன் வர வேண்டும். எங்கள் தெருவுக்குள் ஆட்டோ திரும்புவதே கஷ்டம்.

மிச்சம் இருந்தது, அங்கேயே கம்பி கட்டி வார்க்கிற கான்கிரீட்.

ஒரு மூட்டைக்கு 22 லிட்டர்!

கொத்தனார் அண்ணாச்சி 1:2:4 கலவை என்றார். ஒரு பங்கு சிமென்ட், இரண்டு பங்கு மணல், நாலு பங்கு ஜல்லி. ஊரில் எல்லோரும் போடுவது அதுதான். கிட்டத்தட்ட எம்-15 வலிமைக்கு வரும். ஆனால் கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி, ஐ.எஸ் 456, கடலோரக் காற்று படும் கம்பி கட்டிய கான்கிரீட்டுக்குக் குறைந்தது எம்-30 என்கிறது. கம்பிக்கு வெளியே 45 மில்லிமீட்டர் கான்கிரீட் மூடியிருக்க வேண்டும். உப்பு ஊறிய மண்ணுக்குள் புதைகிறது என்றால் எம்-35, 50 மில்லிமீட்டர்.

ஏன் இவ்வளவு கறார்? நல்ல கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியின் மேல் துரு ஏறவிடாத ஒரு மெல்லிய படலம் உண்டு. உப்பில் இருக்கும் குளோரைடு நுண்ணிய துளைகள் வழியே உள்ளே போய் அந்தப் படலத்தை உடைக்கும். துரு இரும்பைவிட இரண்டு மடங்குக்கும் மேல் இடம் கேட்கும். இடம் இல்லாததால் உள்ளிருந்தே கான்கிரீட்டைப் பிளக்கும். தூத்துக்குடியில் மொட்டைமாடிச் சீலிங் பெயர்ந்து விழுவதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

துளைகள் எதனால் வருகின்றன? பெரும்பாலும் தண்ணீரை அதிகம் ஊற்றுவதால். விதிப்படி ஒரு மூட்டை சிமென்ட்டுக்கு, மணலில் இருக்கும் ஈரத்தையும் சேர்த்து, சுமார் 22 லிட்டருக்கு மேல் தண்ணீர் போகக் கூடாது. “அவ்வளவுதானா? கலவை கையில ஒட்டாதேம்மா” என்று அண்ணாச்சி கொஞ்சம் கோபப்பட்டார். பக்கெட்டில் கோடு போட்டுக் கொடுத்தேன். அக்கா எடைக் கணக்கில் கலவை எழுதி அனுப்பினார். சாம்பல் சிமென்ட் என்று நம் ஊரில் சொல்லும் பி.பி.சி சிமென்ட்டையே எடுக்கச் சொன்னார். அனல்மின் நிலையங்களில் நிலக்கரி எரிந்து மிஞ்சும் சாம்பல் அதில் கலந்திருக்கிறது. அது உப்பு உள்ளே போவதை மெதுவாக்கும். தூத்துக்குடிக்காரர்களுக்கு அந்தச் சாம்பலைப் பற்றி நிறைய புகார் உண்டு. இந்த ஒரு விஷயத்தில் அது நமக்கு நண்பன்.

அதைவிடப் பெரிய பிரச்னை, எந்தத் தண்ணீர்? எங்கள் போர்வெல் தண்ணீர் உப்பு. அதை ஊற்றினால், நாமே கையால் உப்பை உள்ளே வைத்துப் பூசியதுபோல. கலப்பதற்கும் நல்ல தண்ணி, பிறகு நனைப்பதற்கும் நல்ல தண்ணி. சாம்பல் சிமென்ட் என்றால் குறைந்தது 10 நாள் ஈரம் காயக் கூடாது. எங்கள் தெருவில் நல்ல தண்ணி என்பது வல்லநாட்டிலிருந்து வருகிற தாமிரபரணித் தண்ணீர். அதுவும் தினமும் வராது.

மூணாவது வீட்டு ஆச்சிதான் வழி சொன்னார். “வீட்டுக்கு ஒரு குடம். காலைல ஊத்திட்டுப் போங்க. பதினோரு குடம் போதாதா?”

மேடை யாருக்கு?

உயரத்தில்தான் பெரிய சண்டை. 38 இன்ச் கோடு, அதற்கு மேல் 10 இன்ச் பாதுகாப்பு, மொத்தம் 4 அடி என்றார் அப்பா. அப்படியானால் ஸ்விட்ச் தரையிலிருந்து ஐந்தரை அடியில் இருக்கும். தினமும் காலையில் மோட்டார் போடுவது அந்த ஆச்சிதான். அவருக்கு எட்டவே எட்டாது. “மூணடி போதும்ப்பா. எத்தனை வருஷத்துக்கு ஒரு தடவை வெள்ளம் வருது? ஆச்சி தினமும் போடணும்ல” என்று நானும் ஆச்சி பக்கம் நின்றேன்.

அப்பா பேசாமல் உள்ளே போய்விட்டார். அம்மா அடுப்படியிலிருந்து வந்தார். அப்போதுதான் சொன்னார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ராத்திரி தண்ணீர் ஏற ஆரம்பித்ததும், பெட்டிக்குள் கரன்ட் இருக்கிறதே, தெருவில் யாராவது மிதித்துவிடுவார்களே என்று அப்பா மெயினை அணைக்கக் கிளம்பியிருக்கிறார். முட்டிக்கு மேல் தண்ணீர், கையில் டார்ச். பெட்டிக்கு ஏழெட்டு அடி இருக்கும்போது காலில் சுருக்கென்று ஏதோ ஏறியிருக்கிறது. 30 வருஷம் கரன்ட்டோடு வாழ்ந்த மனுஷன். அடுத்த அடி வைக்காமல், காலை அகட்டாமல், பாதத்தைத் தேய்த்தபடியே பின்னால் வந்திருக்கிறார். கொஞ்ச நேரத்தில் ஏரியா முழுக்க மின்சாரத்தை நிறுத்திவிட்டார்கள்.

“உங்கிட்ட சொல்லக் கூடாதுன்னாரு” என்றார் அம்மா. “அந்தப் பழைய மேடையும் உங்கப்பா வெச்சதுதான். ஆச்சிக்கு எட்டணும்னு ஒரு அடியில வெச்சாரு. அதைத்தான் நெனச்சு நெனச்சு மருகுதாரு.”

அந்த ராத்திரி நான் போன் போட்டுக்கொண்டே இருந்த நேரம் நினைவுக்கு வந்தது. என்னால் எதுவும் பேச முடியவில்லை. வாசலில் உட்கார்ந்திருந்த அப்பாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

“பெட்டி போனா வேற வாங்கிக்கலாம். மேடை பெட்டிக்கு இல்லட்டி, மனுஷனுக்கு. தண்ணிக்குள்ள எறங்கி அதைப் போய்த் தொட வேண்டிய வேலை யாருக்கும் வரக் கூடாது” என்றார்.

அன்று ராத்திரி ஃபுகுஷிமா பற்றிப் படித்தேன். 2011 மார்ச் 11, ஜப்பானில் சுனாமி. அணுமின் நிலையத்தின் அவசரகால ஜெனரேட்டர்களில் பெரும்பாலானவை தாழ்வான இடங்களில் இருந்து தண்ணீரில் செத்துப்போயின. ஆறாவது உலையின் ஒரு ஜெனரேட்டர் மட்டும், உயரமான இடத்தில் இருந்ததால், ஓடிக்கொண்டே இருந்தது. ஐந்தாவது, ஆறாவது உலைகள் தப்பியதற்கு அது முக்கியமான காரணம். உலகத்தின் பெரிய இன்ஜினீயர்களுக்கும் எங்கள் தெருவுக்கும் ஒரே கேள்விதான் இருந்திருக்கிறது. எதை எவ்வளவு உயரத்தில் வைப்பது?

கடைசியில் என்ன செய்தோம்?

உயரம் 4 அடிதான். ஆச்சிக்காக மேடையை ஒட்டி 8 இன்ச் உயரத்தில் மூன்று படிகள், மேலே நின்று திரும்புமளவு இடம், பிடித்துக்கொள்ளக் கைப்பிடி. படியில் ஏறி நின்றால் ஸ்விட்ச் மூன்றரை அடியில், அவர் நெஞ்சுக்கு நேராக வரும். சண்டையில் இரண்டு பேரும் ஜெயித்துவிட்டார்கள்.

அடியில் இரண்டரை அடி தோண்டி, இடித்து இறுக்கி, மேடையைவிட அகலமான கான்கிரீட் தளம். மணல் அரித்தாலும் சாயக் கூடாது என்பதற்காக. மேடையின் மேற்பரப்பில் தண்ணீர் நிற்காமல் லேசாக வாட்டம். கேபிள் வர இரண்டு பைப்புகள் வார்க்கும்போதே உள்ளே வைத்தோம். இன்னொன்று, பிறகு தேவைப்பட்டால் மேடையை உடைக்காமல் இருப்பதற்காக. பைப் வாயை புட்டி வைத்து அடைத்தோம். அந்த ஓட்டை வழியாகத்தான் தண்ணீரும் எலியும் வரும்.

எர்த் குழிக்கு அப்பா தனியாக ஒரு நாள் எடுத்துக்கொண்டார். கரியும் உப்பும் அடுக்கடுக்காகப் போடுவது பழைய வழக்கம். “இந்த ஊரு மண்ணுக்கு எதுக்கு உப்பு?” என்று கொத்தனார் கேட்க, எல்லோரும் சிரித்தோம்.

முக்கியமான இன்னொரு வேலை. படி ஏறினாலும் பெட்டி தெருவில்தானே இருக்கிறது? அதனால் எங்கள் வீட்டு மாடிப்படியில், தண்ணீரே வராத உயரத்தில், தனியாக ஒரு மெயின் ஸ்விட்ச். கூடவே 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே கரன்ட்டை வெட்டிவிடும் ஆர்.சி.சி.பி. இனி எவ்வளவு மழை பெய்தாலும், தெருவில் இறங்காமலே அணைத்துவிடலாம்.

வார்த்த மறுநாளிலிருந்து மேடையைச் சுற்றி ஈரச் சாக்கு. நான் சென்னைக்குத் திரும்பிவிட்டேன். தினமும் காலையில் அம்மா வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்புவார். ஒரு நாள் ஆச்சி குடத்தோடு, ஒரு நாள் எதிர்வீட்டுச் சின்னப்பையன் சொம்போடு. தண்ணீருக்காக அடித்துக்கொண்ட தெரு, சிமென்ட்டுக்கு நல்ல தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தது.

ஆச்சி என்னிடம் சொன்ன ஒன்று இப்போதும் மறக்கவில்லை. அவருடைய சின்ன வயதில் இந்த ஊரில் வீடு கட்டக் கடலிலிருந்து பவளப்பாறையை வெட்டி எடுத்து வருவார்களாம். சுண்ணாம்பும் அதை எரித்துத்தான். அப்படி வெட்டியதும் ஒரு காரணமாகி, மன்னார் வளைகுடாவில் இரண்டு தீவுகள் தண்ணீருக்குள் போய்விட்டன. 2001-லிருந்து பவளப்பாறை, புலிக்கும் யானைக்கும் உள்ள அதே பட்டியலில், சட்டப்படி காக்கப்படுகிறது. “நம்ம வீட்டுக்கு அஸ்திவாரம் போட, கடலோட அஸ்திவாரத்தைப் பேத்துட்டோம்” என்றார் ஆச்சி.

அடுத்த மழை

2024 டிசம்பர் இரண்டாவது வாரம். மறுபடியும் தென்மாவட்டங்களில் கனமழை, தாமிரபரணியில் வெள்ளம். மறுபடியும் நான் லைவ் பேஜில். கை தானாக போனை எடுத்தது. இந்த முறை இரண்டாவது ரிங்கிலேயே எடுத்துவிட்டார்.

“தெருவுல முட்டு வரைக்கும் தண்ணி கெடக்குட்டி” என்றார் அப்பா.

“மெயின்?”

“சாயங்காலமே மாடியில இருந்து அமத்திட்டேன்.”

“நீங்க எங்கப்பா இருக்கீங்க?”

“எங்க இருப்பேன்? வீட்டுக்குள்ளதான். ஒங்கம்மா உளுந்தங்களி கிண்டுதா. போனை வெச்சிட்டு சோலியப் பாரு.”

போனை வைத்துவிட்டு அடுத்த அப்டேட்டை டைப் செய்தேன்.